எண்ணெயின் பதம்

என் தந்தையார் எண்ணெயைக் கண்ணால் கண்டு நம்பியவர் அல்லர்; விரலால் தொட்டு நம்பியவர். கார் இயந்திரத்தின் பக்கவாட்டில் செருகியிருக்கும் அளவுகோலை உருவி, அதன் நுனியில் தொங்கும் துளியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வாங்கித் தேய்ப்பார். பிறகு விரல்களை மெல்லப் பிரிப்பார். எண்ணெய் நூல்போல் இழைந்து நின்றால் அவர் முகம் மலரும். அறுந்துவிட்டால், “தண்ணீராய்ப் போயிற்று” என்பார். தீபாவளிக்கு லட்டுப் பிடிப்பதற்காக என் தாயார் சர்க்கரைப் பாகு காய்ச்சும்போதும் இதே சோதனைதான் நடக்கும். விரலிடையில் கம்பிபோல் நீண்டால் பாகு பதத்திற்கு வந்துவிட்டது என்று அடுப்பைத் தணிப்பார். தாயாரிடமிருந்து தந்தையார் இதைக் கற்றாரா, அல்லது கைத்தொழில் அறிந்த எல்லாருக்கும் இது பொதுவா, நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் இருவருக்கும் உலகம் பதத்தினால் ஆனதாக இருந்தது.

தந்தையார் செம்பவாங் கடற்படைத் தளத்தில் லாரி ஓட்டியவர். 1971ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரை விட்டு வெளியேறியபோது அவருடைய வேலையும் போயிற்று. பின்னர், சிராங்கூன் சாலையில் மசாலைத்தூள் அரைக்கும் ஆலை ஒன்றின் லாரியை ஓட்டினார். மிளகாய் நெடியும் டீசல் நெடியும் கலந்த ஒரு மணத்தோடு மாலையில் வீடு திரும்புவார். தளத்தை விட்டுச் சென்ற ஆங்கிலேயர் ஒருவர் தம் பழைய மோரிஸ் மைனர் காரை மிகக் குறைந்த விலைக்கு அவரிடம் விட்டுச் சென்றிருந்தார். எங்கள் குடும்பத்தின் முதல் கார் அது. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவர் அதனடியில் படுத்திருப்பார். எண்ணெய் வடியும் வாளியைப் பிடித்தபடி நான் அருகில் குந்தியிருப்பேன். அந்நாளில் அவர் வாங்கிய எண்ணெய்க் கலங்களில் ஒற்றை எண்ணே இருக்கும்: 30, 40, 50. அவர் 40 வாங்குவார். வண்டிக்கு வயது ஏறிய பிறகு 50 வாங்கினார். “நம்முடையது வெயில் நாடு, தம்பி. குளிர் நாட்டுக்காரன் ஊற்றுகிற தண்ணீர் எண்ணெயை இங்கே ஊற்றினால் இரும்பும் இரும்பும் உரசிக் கதறும்” என்று அவர் சொன்னது, பள்ளியில் மனனம் செய்த செய்யுள்களைவிட ஆழமாக என் உள்ளத்தில் பதிந்துவிட்டது.

1978இல் நான் தமிழாசிரியரானேன். நெடுங்காலம் பேருந்திலும் பின்னர் ரயிலிலுமே சென்று வந்தேன். சிங்கப்பூரில் ஆசிரியன் ஒருவன் கார் வாங்குவதென்பது அவ்வளவு எளிதன்று. 1990 மே மாதம் முதல், கார் வாங்க விரும்புவோர் பத்தாண்டுக்கு மட்டும் செல்லும் உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும் என்றாயிற்று. அந்தச் சான்றிதழின் விலையைப் போல மனம்போன போக்கில் ஏறி இறங்கிய பொருளை நான் கண்டதில்லை. 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் 2 வெள்ளிக்கு விழுந்தது. 2023 அக்டோபரில் அதே வகை 106,000 வெள்ளியைத் தொட்டது. ஆகவே இங்கே கார் என்பது பத்தாண்டு தங்கிச் செல்லும் விருந்தாளி. தங்கும்வரை அதை நோயின்றிப் பார்த்துக்கொள்வதே உரியவனின் கவலை. 2009இல் நான் வாங்கியது, 2006இல் பதிவான, ஒன்றரை லிட்டர் இயந்திரம் கொண்ட ஜப்பானியக் கார். அப்போது தந்தையாருக்கு எண்பது கடந்திருந்தது.

வாங்கிய ஒரு வாரத்தில் எண்ணெய் மாற்றுவதற்காகச் சுங்கை சாலைப் பக்கம் ஒரு சந்தில் இருந்த சிறு பட்டறைக்குச் சென்றேன். ஜாலான் புசார், ரோவல் சாலை, சிராங்கூன் சாலை ஆகியவற்றுக்கு இடைப்பட்ட தெருக்களில் அந்நாளில் உதிரிப் பாகக் கடைகளும் பட்டறைகளும் ஆங்காங்கே இருந்தன. பட்டறையை நடத்தியவர் என்னைவிடச் சில ஆண்டுகள் மூத்த தமிழர். அண்ணே என்று அழைத்தேன். அவர் என்னை வாத்தியாரே என்றார். பழைய எண்ணெயை வடித்து, வடிகட்டியை மாற்றி, புதிய எண்ணெய் ஊற்றி, ஒரு சிறு அட்டையை என்னிடம் நீட்டினார். அதில் தேதி, வண்டி ஓடியிருந்த தொலைவு, ஊற்றிய எண்ணெயின் எண், அடுத்து மாற்ற வேண்டிய மாதம் ஆகியவற்றை நீல மையில் தமிழிலேயே எழுதியிருந்தார். மேலே ‘எண்ணை’ என்று இருந்தது.

இதைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எள்ளின் நெய் எண்ணெய். எள்ளுக்கே உரிய அச்சொல் பின்னர் தேங்காய்க்கும் கடலைக்கும் பொதுவாகி, மண்ணிலிருந்து வந்ததையும் மண்ணெண்ணெய் என அணைத்துக்கொண்டது. ‘எண்ணை’ என்று எழுதினால் அதனுள்ளிருக்கும் நெய் போய்விடுகிறது. முப்பதாண்டுக் காலம் மாணவர் ஏடுகளில் இந்தப் பிழையைத் திருத்திய கை, சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவைத் தானாகவே எடுத்தது. காரில் அமர்ந்தபடியே ‘எண்ணை’யை அடித்து ‘எண்ணெய்’ என்று எழுதினேன். அட்டையைக் கார் கையேட்டின் நடுவில் செருகி, கையேட்டை முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள பேழையில் வைத்து மூடினேன். அட்டையில் அதற்கு மேல் ஒன்றும் படிக்கவில்லை.

இரண்டு வாரம் சென்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தையாரைக் கீழே அழைத்துவந்து காரைக் காட்டினேன். பழைய வழக்கப்படி அளவுகோலை உருவினார், விரலில் தேய்த்தார், பிரித்தார். நூல் நிற்கவில்லை. விரலும் கறுத்துவிட்டது. “யாரோ உன்னை ஏமாற்றிவிட்டான். பழைய எண்ணெயைத் திரும்ப ஊற்றியிருக்கிறான்” என்றார். எனக்கும் அப்படியே பட்டது. புதிய எண்ணெய் தேன் நிறமாக இருந்ததை நான் கண்ணால் கண்டிருந்தேன். ஆயினும், கலத்தைக் காட்டிவிட்டு வேறொன்றை ஊற்றியிருக்கக் கூடாதா?

மறுநாளே பட்டறைக்குப் போனேன். வேறு இருவர் தம் வண்டிகளுக்காகக் காத்திருந்தனர். அவர்கள் கேட்கும்படியே பேசினேன். அண்ணே என்ற சொல்லை அன்று நான் பயன்படுத்தவில்லை. அவர் கைகளைக் கந்தைத் துணியில் துடைத்துக்கொண்டு, “வாத்தியாரே, கறுத்தால் நல்லது. எண்ணெய் வேலை செய்கிறது” என்றார். திருடன் சொல்லும் சமாதானம் என்று நான் அதற்கு மறுமொழி சொன்னேன். இன்று எழுதும்போதும் அந்தச் சொல்லை எழுதக் கை தயங்குகிறது. அவர் சினம் கொள்ளவில்லை. நான் கொடுத்திருந்த பணத்தை எண்ணி எடுத்து நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளாமல், ஏதோ பெருந்தன்மை காட்டியவனைப்போல் திரும்பி வந்தேன்.

அதன்பின் என் எண்ணெயை நானே வாங்கினேன். 20டபிள்யூ-50, கலத்தைச் சாய்த்தால் பாகுபோல் இறங்கும். விலையும் மலிவு. ஏதாவது ஒரு பட்டறையில் கூலி கொடுத்து ஊற்றச் சொல்வேன். தந்தையார் தொட்டுப் பார்த்து, “இதுதான் எண்ணெய்” என்றார். என் வீட்டிற்கும் பள்ளிக்கும் நான்கு கிலோமீட்டர்தான். நாளொன்றுக்கு எட்டுக் கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ஆறு மாதத்திற்கொரு முறை எண்ணெய் எதற்கு என்று ஆண்டுக்கொரு முறையாக்கினேன். ஓராண்டு அதையும் தவறவிட்டேன். 2011இல் தந்தையார் காலமானார். அதற்குப் பிறகு வேறு எண்ணெய் ஊற்றுவதைப் பற்றி நினைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. மக்கள் தம் பெற்றோரின் நினைவாக எதை எதையோ வைத்திருக்கிறார்கள். நான் இருபதையும் ஐம்பதையும் வைத்திருந்தேன்.

2012இல் காலைதோறும் காரைக் கிளப்பியவுடன் இயந்திரத்தின் மேற்பகுதியில் கூழாங்கற்களைக் குலுக்கினாற்போல் ஓர் ஓசை எழத் தொடங்கியது. சில நொடிகளில் அடங்கிவிடும். நாளடைவில் மேம்பாலம் ஏறும்போது வண்டி திணறிற்று. ஒருநாள், இயந்திரத்தின் உருவம் பொறித்த மஞ்சள் விளக்கு எரிந்தது, அணையவேயில்லை. சக ஆசிரியர் ஒருவர் சொல்ல, சின் மிங் பகுதியில் இருந்த ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அதன் உரிமையாளன் என்னைக் கண்டதும், “சார், என்னைத் தெரிகிறதா?” என்று கேட்டான். 1984இல் என் வகுப்பில் கடைசி வரிசையில் இருந்தவன். தமிழில் தேறாமல் தொழிற்பயிற்சிக்குப் போனவன்.

கணினியை வண்டியில் பொருத்திப் பார்த்தான். ஏதோ ஒரு பகுதியைக் கழற்றிக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தான். சுட்டுவிரல் நகமளவு வலை. அதன் கண்கள் தாரைப்போன்ற கசட்டினால் அடைபட்டிருந்தன. இக்காலத்து இயந்திரத்தில் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை வேகத்திற்கேற்ப முன்னும் பின்னும் நகர்த்தும் அமைப்பு ஒன்று உண்டு என்றும், அதை நகர்த்துவது எண்ணெயின் அழுத்தமே என்றும், அந்த எண்ணெய் செல்லும் வழியில் இருக்கும் வடிவலை இது என்றும் சொன்னான். “என்ன எண்ணெய் ஊற்றுகிறீர்கள், சார்?”

சொன்னேன். வெயில் நாடு என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவன் மறுத்துப் பேசவில்லை. “கையேட்டில் என்ன போட்டிருக்கிறது?” என்றான்.

நான் பேசாமல் நின்றேன். தேர்வுக்கு முன் ஒவ்வொரு வகுப்பிலும் நான் கூறும் முதல் அறிவுரை, வினாவை முழுமையாகப் படி என்பது. அதை அவன் மறந்திருக்கமாட்டான். ஆனால் அதைச் சொல்லிக்காட்டாமல் பேழையைத் திறந்து கையேட்டை எடுத்தான். அட்டை செருகியிருந்த இடத்தில் அது தானாகவே விரிந்தது. அட்டையை எடுத்துப் பார்த்தான்; பின் கையேட்டின் கடைசிப் பகுதியைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தான். 5டபிள்யூ-30. அட்டையிலும் அதே எண் நீல மையில் இருந்தது.

“இவர் சரியாகத்தான் ஊற்றியிருக்கிறார், சார்” என்றான். பிறகு மேலே இருந்த சிவப்புத் திருத்தத்தைப் பார்த்தான். அந்தக் கையெழுத்து அவனுக்குப் பழக்கமானது. அவன் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று பட்டறையில் காத்திருந்த நேரத்தில் அவன் சொன்னவற்றையும் பின்னர் நான் தேடிப் படித்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். என் போன்றோர் இன்னும் பலர் இருக்கக்கூடும்.

எஸ்.ஏ.ஈ. எனப்படும் அமெரிக்க வாகனப் பொறியாளர் கழகம் 1911இலேயே எண்ணெய்களை அவற்றின் பிசுக்குமைப்படி எண்ணிட்டு வகுக்கத் தொடங்கிற்று. இன்றைய கலங்களில் இருக்கும் இரட்டை எண்ணில் டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும் வின்ட்டர் என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. நம்மவர் பலரும் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறோம். பனியே இல்லாத ஊரில் குளிர்கால எண்ணுக்கு என்ன வேலை என்று அதைத் தள்ளிவிட்டுப் பின்னெண்ணை மட்டும் பார்த்து, வெயிலுக்குப் பெரிய எண்தான் பொருந்தும் என்று முடிவு கட்டுகிறோம். உண்மையில், பின்னெண் நம் ஊர் வெயிலை அறியாது. அது 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதற்கான எண். ஓடிச் சூடேறிய இயந்திரத்தின் எண்ணெய் சிங்கப்பூரில் இருந்தாலும் சுவீடனில் இருந்தாலும் அந்த அளவை ஒட்டியே இருக்கும். அதைச் சீராக வைத்திருக்கத்தான் குளிர்நீர்ச் சுற்றும் விசிறியும் இருக்கின்றன. 30 என்று எண் பெற்ற எண்ணெய் அந்த வெப்பத்தில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்க வேண்டும். 50 என்பது 16.3 முதல் 21.9 வரை. சாதாரணத் தண்ணீர் ஏறத்தாழ ஒன்று.

முன்னெண் குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக அசையும் என்பதைக் காட்டுவது. 5டபிள்யூ எண்ணெயை உறைநிலைக்குக் கீழே 30 டிகிரியிலும், 20டபிள்யூ எண்ணெயைக் கீழே 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். நமக்கு அந்தக் குளிர் என்றும் வராது. ஆனால் 100 டிகிரியில் வேலை செய்யப் பிறந்த எண்ணெய்க்கு, நம் ஊரின் விடியற்காலை 25 டிகிரியும் குளிர்தான். இரவு முழுவதும் எண்ணெய் இயந்திரத்தின் மேற்பகுதியிலிருந்து வடிந்து அடித்தொட்டியில் தேங்கிக் கிடக்கிறது. காலையில் சாவியைத் திருப்பியதும் அதை மேலே ஏற்ற வேண்டும். 40 டிகிரியில் 5டபிள்யூ-30 எண்ணெய் ஏறத்தாழ 60, 70 சென்டிஸ்டோக்ஸ். 20டபிள்யூ-50 எண்ணெயோ 150ஐத் தாண்டும். அதாவது இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி. அது ஏறி வந்து சேரும்வரை நான் கேட்ட கூழாங்கல் ஓசை. தந்தையார் அஞ்சிய அதே கதறலை, அவர் சொற்படி நடந்ததாலேயே நான் காலைதோறும் உண்டாக்கிக்கொண்டிருந்தேன்.

எண்ணெய் ஒன்றே எப்படி இரண்டு எண்களைத் தாங்குகிறது என்பது எனக்குப் பெரு வியப்பாக இருந்தது. எந்த எண்ணெயும் சூட்டில் இளகும், குளிரில் கெட்டியாகும். மெல்லிய எண்ணெயில் நீண்ட சங்கிலி போன்ற சில மூலக்கூறுகளைக் கலந்துவிடுகிறார்கள். குளிர்ந்திருக்கையில் அவை பந்துபோல் சுருண்டு கிடந்து எண்ணெயின் ஓட்டத்திற்கு இடையூறு செய்வதில்லை. சூடேறியதும் விரிந்து எண்ணெய் மேலும் இளகாமல் தாங்கிப் பிடிக்கின்றன. இத்தகைய ஒன்றை விரலில் தொட்டுப் பதம் பார்த்தால் என்ன தெரியும்? விரலின் சூடு முப்பது சொச்சம் டிகிரி. இயந்திரத்தின் உள்ளே அது வேறொன்றாக இருக்கிறது. மேலும், இக்கால இயந்திரங்களில் தாங்கிகளுக்கும் தண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே. தலைமயிர் நுழையத் தயங்கும் அந்த வழியில்தான் எண்ணெய் ஓட வேண்டும்.

கறுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனெனில் நான் ஒருவரைத் திருடர் என்றது அந்தக் கறுப்பினால்தான். எண்ணெயின் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய். அதனோடு, அழுக்கைக் கரைக்கும் பொருள்கள், கரைந்த கரித்துகள்கள் ஒன்றுகூடிப் படியாதபடி அவற்றைத் தனித்தனியே மிதக்கவைக்கும் பொருள்கள், உலோகத்தின்மேல் மெல்லிய காப்புப் படலம் இடும் துத்தநாகச் சேர்மங்கள் எனப் பல கலந்திருக்கின்றன. முந்தைய உரிமையாளர் கவனியாது விட்ட இயந்திரத்தில் நல்ல எண்ணெயை ஊற்றினால், அது உள்ளே படிந்திருக்கும் கசட்டைக் கழுவி எடுத்துத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது. சில நாளிலேயே கறுத்துவிடுகிறது. எண்ணெய் எவ்வளவு நாளாயினும் தேன் நிறமாகவே இருந்தால்தான் அது கழுவுகிறதா என்று ஐயப்பட வேண்டும். சுங்கை சாலைக்காரர் இதை ஆறே சொற்களில் எனக்குச் சொன்னார்.

என் மாணவன் அடுத்து நான் வாங்கிவந்த எண்ணெய்க் கலத்தைக் காட்டச் சொன்னான். எனக்கு அதன் எண் தெரியுமேயன்றி, பின்புறத்தில் இருந்த வட்டத்தைப் பார்த்ததில்லை. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் எண்ணெயின் தரத்திற்கு இரண்டு எழுத்துகள் இடுகிறது. பெட்ரோல் இயந்திரத்திற்கு முதலெழுத்து எஸ்.; இரண்டாம் எழுத்து அகரவரிசையில் முன்னேற முன்னேறத் தரம் புதியது. 2010இல் வந்தது எஸ்.என்.; 2020இல் வந்தது எஸ்.பி. புதியது பழைய இயந்திரத்திற்குப் பொதுவாக உதவும்; பழையது புதியதற்கு உதவாது. என் கலத்தில் எஸ்.எஃப். என்றிருந்தது. அந்த எழுத்துக்குப் பொருள், 1988க்குப் பிற்பட்ட பெரும்பாலான இயந்திரங்களுக்கு இது ஏற்றதன்று என்பது. என்னுடையது 2006ஆம் ஆண்டு வண்டி. மலிவாகக் கிடைத்ததன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. பழைய நூலின் முதற்பதிப்பைத் தேடி வாங்குவோர் நம்மில் உண்டு. எண்ணெயில் அந்த ஆசை ஆகாது போலும்.

நான்கு கிலோமீட்டர்ப் பயணத்தைப் பற்றி அவன் சொன்னதுதான் எனக்கு மிகவும் புதியது. குறைவாக ஓடும் வண்டிக்கு எண்ணெய் நீண்டநாள் வரும் என்று நான் எண்ணியிருந்தேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. அதில் ஒரு சிறு பகுதியும், எரியாத பெட்ரோல் சிறிதும் பிஸ்டனின் ஓரமாக நழுவிக் கீழே எண்ணெயில் கலக்கின்றன. நெடுந்தொலைவு ஓடினால் எண்ணெய் நன்கு சூடேறி இவை ஆவியாகி வெளியேறிவிடும். நான்கு கிலோமீட்டரில் வண்டியை நிறுத்திவிட்டால் எண்ணெய் சூடேறுமுன் எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். நாள்தோறும் இப்படியே நடந்தால் எண்ணெய் கூழாகிக் கசடாகிறது. ஆகவே குறுந்தொலைவு ஓட்டத்தைத் தயாரிப்பாளர்கள் கடுமையான ஓட்டம் என்றே கணக்கிடுகிறார்கள். நம் தீவில் பலருக்கும் அதுவே வழக்கம். தொலைவை மட்டுமன்றி மாதத்தையும் எண்ண வேண்டும் என்பதற்காகவே அந்த அட்டையில் மாதம் எழுதப்பட்டிருந்தது.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. கலத்தில் நான்கு லிட்டர் இருக்கும். என் இயந்திரம் கொள்வதோ அதைவிடக் குறைவு. மிச்சத்தை வைத்து என்ன செய்வது என்று முழுவதையும் ஊற்றச் சொன்னவன் நான். அளவு மிஞ்சினால் சுழலும் கிராங்க் தண்டு எண்ணெயில் மோதி, தயிர் கடைவதுபோல் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை எதையும் தாங்காது. மிகுதியாக ஏற்றினால் மயிற்பீலியாலும் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்ததை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கியவனுக்கு இது தோன்றவில்லை.

அதன்பின் எண்ணெயைப் பற்றிப் படிப்பது எனக்கு ஒரு பித்தாகவே ஆயிற்று. காஸ்ட்ரால் என்ற பெயர் 1909இல் பிறந்தது என்றும், காஸ்டர் எனப்படும் நம் ஆமணக்கின் எண்ணெயை அந்த எண்ணெயில் சேர்த்ததனால் வந்த பெயர் அது என்றும் அறிந்தபோது சிரித்தேன். சிறு வயதில் மூக்கைப் பிடித்து எங்கள் வாயில் ஊற்றிய அதே விளக்கெண்ணெய், முதல் உலகப் போரில் விமான இயந்திரங்களுக்கும் ஊற்றப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டு மாட்டுவண்டிகளின் அச்சுக்கும் விளக்கெண்ணெய் கலந்த மை பூசியதாக என் பாட்டனார் சொல்வார். சிங்கப்பூரின் மண்ணில் ஒரு சொட்டும் ஊறுவதில்லை. ஆயினும், தெற்கேயுள்ள புக்கோம் தீவில் மண்ணெண்ணெய்த் தொட்டிகள் கட்டப்பட்டு, 1892இல் முரெக்ஸ் என்ற கப்பல் சூயஸ் கால்வாய் வழியே ரஷ்ய மண்ணெண்ணெயை அங்குக் கொண்டுவந்தது. 1961இல் ஷெல் நிறுவனம் அத்தீவில் சுத்திகரிப்பு ஆலையைத் திறந்தது. 2025இல் அது கைமாறிற்று. ஜூரோங்கில் எக்ஸான்மோபில் ஆலை இயந்திர எண்ணெய்க்கான அடிப்படை எண்ணெயையே ஆக்குகிறது. எண்ணெயின் நடுவே வாழ்ந்துகொண்டு அதைப் பற்றி ஒன்றும் அறியாதிருந்தேன்.

தந்தையார் சொன்னது தவறா என்று மாணவனிடம் கேட்டேன். “அவர் காருக்கு அது சரிதான், சார்” என்றான். மோரிஸ் மைனரின் தாங்கிகளில் இடைவெளி அதிகம். தேய்ந்த பின் இன்னும் அதிகம். அந்த இடைவெளியை நிரப்பக் கெட்டி எண்ணெய் வேண்டியிருந்தது. எண்ணெயின் அழுத்தத்தால் நகரும் நுண்ணிய பாகம் ஒன்றும் அதில் இல்லை. எண்ணெயும் அடிக்கடி மாற்றப்பட்டது. அவர் தம் வண்டியை அறிந்து அதற்கு ஊற்றினார். நான் அவர் வண்டிக்கு உரியதை என் வண்டிக்கு ஊற்றினேன். இதைச் சொல்ல அவர் உயிரோடு இல்லை; இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது ஐயமே.

வலையைத் துடைத்து, பாகம் ஒன்றை மாற்றி, கையேட்டில் உள்ள எண்ணெயை ஊற்றிக்கொடுத்தான். மூன்று நாளில் ஓசை நின்றது. வண்டி அதன்பின் நான்காண்டு குறையின்றி ஓடிற்று. ஆறு மாதத்திற்கொரு முறை அவனிடமே போனேன். அவனும் ஓர் அட்டை தருவான், ஆங்கிலத்தில்.

சுங்கை சாலைக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அன்றே நினைத்தேன். போகவில்லை. பள்ளி விடுமுறையில் போகலாம் என்று தள்ளினேன். விடுமுறை வந்தபோது தீபாவளிக்குப் பின் என்றேன். தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டுத் திரும்பும்போது அந்தத் திசையில் செல்லாமல் சுற்றிக்கொண்டு போனதும் உண்டு. 2016இல் காரின் பத்தாண்டு முடிந்தது. சான்றிதழைப் புதுப்பிக்க எனக்கு வசதியில்லை. வண்டியை ஒப்படைக்குமுன் பேழையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த அட்டையை மட்டுமே. இனி எனக்கு எண்ணெய் வாங்கும் வேலையில்லை. 2030 முதல் இங்குப் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் தூய எரிசக்தியில் ஓடுபவையாக இருக்க வேண்டும் என்பது அரசின் திட்டம். மின்கார்களுக்கு இயந்திர எண்ணெய் என்ற ஒன்றே கிடையாது.

2017இல் நானும் ஓய்வு பெற்றேன். அவ்வாண்டு ஜூலை 10ஆம் தேதியோடு, 1930களில் தொடங்கிய சுங்கை சாலைப் பழம்பொருள் சந்தை மூடப்படுகிறது என்று செய்தி வந்தது. கடைசி நாளில் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். பெருங்கூட்டம். பழைய கடிகாரங்களையும் தொலைபேசிகளையும் தரையில் பரப்பியிருந்தார்கள். படம் எடுப்பவர்களே வாங்குபவர்களைவிட அதிகம். சந்துக்குள் திரும்பினேன். பட்டறை இருந்த இடத்தில் இரும்புக் கதவு இறங்கியிருந்தது. எதிரே உதிரிப் பாகம் விற்கும் சீனப் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவர் ஊருக்குப் போய் மூன்று ஆண்டாகிறது என்று மலாயில் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டேன். ஈப்போ என்றும் சொன்னார்; இந்தியாவாகவும் இருக்கலாம் என்றார்.

சற்று நேரம் அங்கேயே நின்று அட்டையை எடுத்துப் பார்த்தேன். அவர் நீல மையில் எழுதியிருந்த தேதியும் எண்ணும் காரின் வெம்மையில் வெளுத்து, தெரிந்தும் தெரியாமலும் இருந்தன. நான் எழுதிய ‘எண்ணெய்’ மட்டும் சிவப்பாகத் தெளிவாகத் தெரிந்தது.